விண்டோஸ் 11-க்கு மாறியதும் ரிமோட் டெஸ்க்டாப் நின்றுவிட்டதா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்ட பிறகு சிங்கப்பூரின் சின்னச் சின்ன அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் புகார், ரிமோட் டெஸ்க்டாப் (வேறு இடத்திலிருந்தே அலுவலகக் கணினியைத் திறந்து வேலை பார்க்க உதவும் விண்டோஸ் வசதி) வேலை செய்யவில்லை என்பது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரோ அலுவலகக் கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றிவிட்டுப் போகிறார்கள். திங்கட்கிழமை காலையில் பொங்கோல் வீட்டிலிருந்து கணக்கு எழுதும் அக்கா, "உள்ளேயே போக முடியலையே தம்பி" என்று வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார். காலாண்டு பொருள் சேவை வரிப் படிவத்துக்குப் பெரும்பாலும் மாதக் கடைசிதான் கெடு, ஆகவே பதற்றம் இருக்கத்தான் செய்யும்.

அந்தப் பதற்றத்தில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். இரண்டு பக்கமும் கண்ணில் பட்ட செட்டிங்கை எல்லாம் மாற்றிப் பார்ப்பது. ஃபயர்வாலை (வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் காவலை) அணைப்பார்கள், பாதுகாப்பு டிக்குகளை எடுப்பார்கள், ரவுட்டரில் போர்ட்டை (இணைப்பு நுழையும் எண்ணிட்ட கதவை) திறந்துவிடுவார்கள், மதியத்துக்குள் எது அப்கிரேடு செய்த வேலை, எது நாமே இழுத்துவிட்டுக்கொண்டது என்று பிரிக்கவே முடியாமல் போகும். அப்கிரேடு ரிமோட் டெஸ்க்டாப்பையே உடைப்பது குறைவு. அதைச் சுற்றியிருக்கும் ஏதோ ஒன்றை, வலையமைப்பின் வகை, தூங்கப் போகும் நேரம், உள்நுழையும் முறை, வன்பொருளை இயக்கும் டிரைவர் மென்பொருள் என்று ஏதோ ஒன்றைச் சத்தமில்லாமல் மாற்றி வைத்திருக்கும். அதனால் முதலில் கேட்க வேண்டியது, இணைப்பு எதுவரை போய் நிற்கிறது என்பதைத்தான். பதிலே வரவில்லையா, கடவுச்சொல் கேட்டுவிட்டு மறுக்கிறதா, உள்ளே விட்டபின் அறுந்துபோகிறதா? மூன்றுக்கும் பார்க்க வேண்டிய இடம் வேறு.

பதிலே வரவில்லை என்றால்

ரிமோட் அணுகல் இயக்கப்படவில்லை, கணினி அணைந்திருக்கிறது, அல்லது வலையமைப்பில் இல்லை என்று மூன்று காரணங்களை அடுக்கும் பெட்டியை எல்லோரும் பார்த்திருப்போம். மேக், ஐபேட் வழியாகப் போனால் பெரும்பாலும் 0எக்ஸ்204 என்ற எண்ணோடு வரும். அந்தப் பெட்டியால் பெரிய உபயோகம் இல்லை, ஏதோ ஒன்று சரியில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

முதல் வேலை, அலுவலகத்தில் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு அந்தக் கணினித் திரையில் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள். அப்கிரேடு அல்லது பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) மாற்றத்துக்குப் பிறகு சில கணினிகள், வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டுக்கொண்டு அப்படியே நிற்கும். விண்டோஸே இன்னும் எழுந்திருக்காதபோது வெளியிலிருந்து நீங்கள் எத்தனை முறை கனெக்ட் அழுத்தினாலும் பயனில்லை. சாவி பெரும்பாலும் அந்தக் கணினியை முதலில் அமைத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், அந்த ஆள் வேலையை விட்டுப் போயிருந்தால் அது தனித் தலைவலி.

திரை இருட்டாக இருந்து, மவுஸை அசைத்ததும் விழித்துக்கொண்டால் தூக்கம்தான் காரணம். அப்கிரேடில் பவர் செட்டிங்ஸ் இயல்பு நிலைக்குத் திரும்பியிருக்கலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போய், மின்சாரத்தில் இருக்கும்போது தூங்கவே கூடாது என்று வையுங்கள். திரை அணைவது பற்றிக் கவலை இல்லை, கணினி தூங்கக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்து பதிப்பு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்பதால் பழைய கணினியைத் தூக்கிப்போட்டுவிட்டு சிம் லிம் ஸ்கொயரிலோ ஆன்லைனிலோ புதிதாக ஒன்றை வாங்கியவர்கள் நிறையப் பேர். விலை குறைவாகக் கிடைப்பதில் பல ஹோம் பதிப்போடு வரும். ஹோம் பதிப்பிலிருந்து வேறு கணினிக்குள் போகலாம், ஆனால் ஹோம் பதிப்புக்குள் யாரும் ரிமோட் டெஸ்க்டாப்பில் வர முடியாது. ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் ஆகிய பதிப்புகளுக்குத்தான் அந்த வசதி. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போனால் எந்தப் பதிப்பு என்று தெரிந்துவிடும். ஹோம் என்றால் மேற்கொண்டு எதையும் நோண்ட வேண்டாம். ப்ரோவுக்குக் காசு கட்டி மாறுங்கள், இல்லாவிட்டால் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்ற வேறொன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ப்ரோதான், விழித்துத்தான் இருக்கிறது, செட்டிங்ஸில் ரிமோட் டெஸ்க்டாப் சுவிட்சும் ஆன். ஆனாலும் பதில் இல்லை. சரி, இப்போதுதான் உண்மையான சோதனை. பவர்ஷெல்லை (கட்டளைகளைத் தட்டும் விண்டோஸ் சாளரத்தை) திறந்து டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் என்று தட்டி, இடைவெளி விட்டு அலுவலகக் கணினியின் ஐபி எண் (வலையமைப்பில் அதன் முகவரி), பிறகு மைனஸ் போர்ட், பிறகு 3389 (எல்லாம் ஆங்கில எழுத்தில்தான், சொல்லத் தேவையில்லை). ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமாகக் காத்திருக்கும் கதவு அந்த 3389-தான். கடைசி வரியில் டிசிபி டெஸ்ட் சக்சீடட் என்பதற்கு எதிரே ட்ரூ என்று வந்தால் வழி திறந்திருக்கிறது, ஃபால்ஸ் என்றால் நடுவில் யாரோ மறிக்கிறார்கள். பிங் (கணினி பதில் தருகிறதா என்று தட்டிப் பார்க்கும் எளிய சோதனை) செய்து பார்த்து முடிவு கட்டாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருப்பது சகஜம், பிங் வராத கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப் நன்றாகவே போகும்.

இந்தச் சோதனையை இரண்டு இடத்திலிருந்து செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஒருமுறை உங்கள் வீட்டிலிருந்து, ஒருமுறை அலுவலகத்துக்குள்ளேயே பக்கத்து மேசைக் கணினியிலிருந்து. பக்கத்து மேசையிலிருந்தும் ஃபால்ஸ் என்றால் பழுது அந்தக் கணினிக்குள்ளேயேதான். பக்கத்து மேசையிலிருந்து ட்ரூ, வீட்டிலிருந்து ஃபால்ஸ் என்றால் அந்தக் கணினியை விட்டுவிடுங்கள், விபிஎன்னையும் (வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் போகும் பாதுகாப்பான வழி) ரவுட்டரையும் பாருங்கள். இந்த ஒரு பதில் தெரியாமல்தான் பாதி நாள் வீணாகிறது.

உள்ளேயே ஃபால்ஸ் வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது நெட்வொர்க் ப்ரொஃபைலை. அப்கிரேடில் வலையமைப்பு டிரைவர் மாறினாலோ புது யூஎஸ்பி வலை அடாப்டர் போட்டாலோ, பழைய அலுவலக வலையமைப்பையே விண்டோஸ் புது இடமாக நினைத்துக்கொண்டு பப்ளிக் என்று குறித்துவிடும், அதாவது சாங்கி விமான நிலைய வைஃபையை எப்படி நடத்துமோ அதே மாதிரி. செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் அல்லது வைஃபை ப்ராப்பர்ட்டீஸ் என்று போனால் மேலேயே பப்ளிக், பிரைவேட் என்று இரண்டு வட்டம் இருக்கும்; பிரைவேட்டைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் விண்டோஸ் ஃபயர்வாலில் அலோ அன் ஆப் என்ற பட்டியலைத் திறந்து ரிமோட் டெஸ்க்டாப் வரியில் பிரைவேட் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். பப்ளிக் டிக்கையும் போட்டுவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும்தான், ஆனால் மடிக்கணினியாக இருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு காபிக் கடைக்குப் போகும்போது அங்கேயும் அந்தக் கதவு திறந்தே இருக்கும். வேண்டாம்.

வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் இருந்தால் அதற்குத் தனி ஃபயர்வால் இருக்கும், அதையும் பாருங்கள். சர்வீசஸ் பட்டியலில் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் என்பது ரன்னிங் என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டார்ட் கொடுங்கள்.

ஐபி எண் மாறியிருப்பதும் உண்டு. நீங்கள் சேமித்து வைத்த குறுக்குவழி பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும், அந்த எண்ணில் இப்போது அலுவலக பிரிண்டர் உட்கார்ந்திருக்கும். வைஃபையில் இயங்கும் கணினி என்றால் ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ் என்ற சுவிட்ச் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஆன் என்றால் ரவுட்டரில் அந்தக் கணினிக்கென்று ஒதுக்கிவைத்த எண் அதற்குக் கிடைக்காது.

வீட்டிலிருந்து மட்டும் ஃபால்ஸ் என்றால் விபிஎன். பச்சை விளக்கு எரிகிறது என்பதற்காக நம்பிவிடாதீர்கள், பழைய விபிஎன் மென்பொருள் புது விண்டோஸில் இணைந்த மாதிரி காட்டிக்கொண்டு ஒரு பாக்கெட்டைக்கூடக் கடத்தாமல் இருக்கும். முழுக்க நீக்கிவிட்டு, ரீஸ்டார்ட் செய்து, புதிய பதிப்பை இறக்கிப் போடுவதுதான் குறுக்குவழி. இன்னொன்று, வீட்டு ரவுட்டரும் அலுவலக ரவுட்டரும் ஒரே 192.168.1 வரிசையில் எண் கொடுத்தால் விபிஎன்னுக்குள் போக வேண்டியது உங்கள் வீட்டுக்குள்ளேயே சுற்றும். அண்மையில் வீட்டில் இணையத் திட்டத்தை மாற்றிப் புது ரவுட்டர் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், அப்கிரேடு அதே வாரத்தில் நடந்திருந்தால் பழி முழுக்க அதன் மேல் விழுந்துவிடும்.

மேக் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக இரண்டு விஷயம். மைக்ரோசாஃப்ட் ரிமோட் டெஸ்க்டாப் என்ற செயலி 2024 செப்டம்பரில் விண்டோஸ் ஆப் என்று பெயர் மாறியது, காணவில்லை என்று தேடாதீர்கள். மேக்ஓஎஸ் செக்கோயாவிலிருந்து, அதே வலையமைப்பில் இருக்கும் மற்றக் கருவிகளைத் தொட ஒவ்வொரு செயலியும் அனுமதி கேட்கிறது. அவசரத்தில் டோன்ட் அலோ அழுத்தியிருந்தால் பக்கத்து அறைக் கணினிகூடக் கிடைக்காது. சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, லோக்கல் நெட்வொர்க் என்று போய் விண்டோஸ் ஆப் எதிரே உள்ள சுவிட்சை ஆன் செய்யுங்கள்.

கடவுச்சொல்லை மறுக்கிறது என்றால்

இங்கே வந்துவிட்டால் ஒரு நிம்மதி, வலையமைப்பில் பழுதில்லை. ஃபயர்வாலையும் ரவுட்டரையும் இனித் தொடவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் அலுவலகக் கணினியில் ஈவென்ட் வியூவரை (நடப்பதைப் பதிந்துவைக்கும் விண்டோஸ் கருவியை) திறந்து செக்யூரிட்டி பதிவில் 4625 என்ற எண் நீங்கள் முயன்ற அதே நேரத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விழுந்திருந்தால் நீங்கள் வாசல்வரை வந்துவிட்டீர்கள், அடையாளத்தில்தான் தகராறு.

அப்கிரேடு செய்த பிறகு இதற்கு முதல் காரணம் பின் எண், அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் தட்டும் குட்டி எண். விண்டோஸ் 11 அமைக்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கேட்கும், பிறகு ஒரு பின் போடச் சொல்லும், அதன் பிறகு தினமும் அந்த நாலு இலக்கத்தைத் தட்டித்தான் எல்லோரும் உள்ளே போகிறார்கள். கடவுச்சொல் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். அந்தப் பின் எண் அந்தக் கணினிக்கு மட்டும் உரியது, ரிமோட் டெஸ்க்டாப்பில் அதைப் போட்டால் ஏற்காது. அங்கே வேண்டியது மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல், பயனர் பெயராக முழு மின்னஞ்சல் முகவரி. அதுவும் ஏற்கவில்லை என்றால் மின்னஞ்சலுக்கு முன்னால் மைக்ரோசாஃப்ட்அக்கவுன்ட் என்று ஒரே சொல்லாகப் போட்டு, பின்சாய்வுக் கோடு ஒன்றும் போட்டு முயலுங்கள்.

சரியான கடவுச்சொல்லைப் போட்டும் மறுக்கிறதா? அந்தக் கணினி அந்தக் கடவுச்சொல்லை இதுவரை நேரில் பார்த்ததே இல்லை என்று அர்த்தமாக இருக்கலாம். செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் விண்டோஸ் ஹெலோ மூலம் மட்டுமே உள்நுழைய அனுமதி என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதை ஆஃப் செய்து, திரையைப் பூட்டி, சைன்-இன் ஆப்ஷன்ஸில் சாவி படத்தைத் தட்டி, பின்னுக்குப் பதில் கடவுச்சொல்லைப் போட்டு நேரில் ஒருமுறை உள்ளே போகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு வெளியிலிருந்தும் திறந்துவிடும். கணக்கிலிருந்தே கடவுச்சொல்லை நீக்கி பாஸ்வேர்டுலெஸ் ஆக்கியிருந்தால் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இந்த வழியில் போக முடியாது, ரிமோட் வேலைக்கென்று நீளமான கடவுச்சொல்லோடு ஒரு லோக்கல் கணக்கை உண்டாக்குவதே மேல். அதை ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் குழுவில் சேர்க்க மறக்காதீர்கள், சேர்க்காவிட்டால் ரிமோட்டில் வர உனக்கு அனுமதியில்லை என்று வேறொரு செய்தி வரும். கடவுச்சொல்லே இல்லாத லோக்கல் கணக்கை ரிமோட் டெஸ்க்டாப் இயல்பாகவே ஏற்காது.

சேமித்து வைத்த பழைய கடவுச்சொல்லும் ஒரு காரணம். உங்கள் பக்கக் கணினியில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸில் டெர்ம்சர்வ் என்று தொடங்கும் பதிவுகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டுங்கள். பெரிய நிறுவனத்தின் என்டர்பிரைஸ் மடிக்கணினி என்றால், விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பு முதல் கிரெடென்ஷியல் கார்ட் என்ற பாதுகாப்பு தானாகவே ஆன் ஆகிறது. அது சேமித்த கடவுச்சொல்லைப் பயன்படுத்த விடாமல் ஒவ்வொரு தடவையும் தட்டச் சொல்லும். அது பழுது அல்ல, தட்டிவிட்டுப் போங்கள்.

கிரெட்எஸ்எஸ்பி, என்கிரிப்ஷன் ஆரக்கிள் என்ற சொற்கள் வரும் பிழைச் செய்தியைப் பார்த்தால் ஒரு பக்கம் புதுப்பிக்கப்பட்டு மறுபக்கம் பல ஆண்டுகளாகத் தொடப்படவில்லை என்று புரிந்துகொள்ளலாம். கிரெட்எஸ்எஸ்பி என்ற உள்நுழைவு முறையில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை மைக்ரோசாஃப்ட் 2018-இல் அடைத்து, அதே ஆண்டு மே மாதத்திலிருந்து புதுப்பிக்கப்படாத கணினிகளோடு பேச விண்டோஸ் மறுக்கத் தொடங்கியது. பாலிசியை வல்னரபிள் என்று இறக்கிவைத்தால் போய்விடும் என்று சொல்வார்கள். போகும்தான், ஓட்டையும் திரும்பத் திறக்கும். பழைய பக்கத்தை அப்டேட் செய்யுங்கள்.

லீவில் ஊருக்குப் போயிருப்பவர்களுக்கு மட்டும் வரும் ஒன்றும் இருக்கிறது. திருச்சியில் இறங்கியதும் சிலர் மடிக்கணினியில் நேர மண்டலத்தைச் சிங்கப்பூரிலேயே விட்டுவிட்டு, கடிகாரத்தை மட்டும் கையால் இரண்டரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். பார்க்க நேரம் சரியாக இருக்கும், கணினியின் உள்கணக்கு தப்பாகிவிடும். டொமைனில் (நிறுவனம் மொத்தமாக நிர்வகிக்கும் வலையமைப்பில்) சேர்ந்த கணினிகளில் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை வழக்கமாக 5 நிமிட வித்தியாசம்வரைதான் பொறுக்கும், அதற்கு மேல் போனால் தேதி நேரம் ஒத்துவரவில்லை என்று வெளியே நிறுத்திவிடும். நேர மண்டலத்தைச் சென்னைக்கு மாற்றி, செட் டைம் ஆட்டோமேட்டிக்கலியை ஆன் செய்து, சிங்க் நவ் அழுத்துங்கள்.

உள்ளே போனபின் உறைகிறது, அறுகிறது, கறுப்பாக நிற்கிறது

இங்கேதான் மென்பொருள் அப்டேட்டே உண்மையான குற்றவாளியாக இருக்க வாய்ப்பு அதிகம். ரிமோட் டெஸ்க்டாப் டிசிபி என்ற தரவு அனுப்பும் முறையில் இணைந்தபின் படத்தை வேகமாக அனுப்ப யூடிபி என்ற இன்னொரு முறையையும் பயன்படுத்திக்கொள்ளும், அந்த யூடிபிதான் பல அப்டேட்களில் தகராறு செய்திருக்கிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் 2025 தொடக்கத்தில் வந்த ஒரு அப்டேட்டுக்குப் பிறகு, பழைய விண்டோஸ் சர்வர் 2016 அல்லது அதற்கு முந்தையதோடு யூடிபியில் இணைந்தால் 65 விநாடியில் அறுந்துபோனது, பிற்பாடு வந்த அப்டேட் அதைச் சரிசெய்தது. ஆகவே ஒரே கால இடைவெளியில் திரும்பத் திரும்ப அறுந்தால் வைஃபையைத் திட்டாதீர்கள், முதலில் இரண்டு பக்கமும் மிச்சமிருக்கும் அப்டேட்களைப் போடுங்கள்.

இணைந்திருக்கும்போது மேலே உள்ள நீலப் பட்டையில் சிக்னல் படத்தைத் தட்டினால் யூடிபி பயன்பாட்டில் இருக்கிறதா என்று சொல்லிவிடும். இருந்தால், சோதனைக்காக உங்கள் பக்கத்தில் அதை நிறுத்திப் பாருங்கள். ப்ரோ பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டரில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனென்ட்ஸ், ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் கிளையன்ட் என்று இறங்கினால் டர்ன் ஆஃப் யூடிபி ஆன் கிளையன்ட் இருக்கும், அதை எனேபிள்ட் ஆக்குங்கள். ஹோம் பதிப்பில் அந்த எடிட்டர் இல்லை, அட்வான்ஸ்ட் ஃபயர்வாலில் வெளியே போகும் யூடிபி 3389-ஐத் தடுக்கும் விதி ஒன்றைப் போட்டாலும் அதே பலன்தான். படம் கொஞ்சம் மெதுவாக நகரும், ஆனால் அறுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

கறுப்புத் திரை மட்டும் வந்தால் கன்ட்ரோல், ஆல்ட், எண்ட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள் (டெலீட் அல்ல, அது உங்கள் கணினிக்கே போய்விடும்). மெனு வந்தால் இணைப்பு உயிரோடு இருக்கிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்யலாம். அடிக்கடி வந்தால் அலுவலகக் கணினியின் கிராஃபிக்ஸ் டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிதாகப் போடுங்கள். அப்படியும் போகாவிட்டால் அதே குரூப் பாலிசியில் செஷன் ஹோஸ்ட், ரிமோட் செஷன் என்விரான்மென்ட் என்பதன் கீழ் டபிள்யூடிடிஎம் என்ற கிராஃபிக்ஸ் டிரைவரைப் பயன்படுத்தும் பாலிசியை டிசேபிள்ட் ஆக்கி, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

ரவுட்டரில் 3389-ஐத் திறக்காதீர்கள்

எதுவும் சரிவராதபோது யாராவது ஒருவர், "ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு பண்ணிவிடு, விபிஎன் எல்லாம் எதுக்கு?" என்பார். 3389-ஐ நேராக இணையத்துக்குத் திறந்தால் கடவுச்சொல்லை ஊகித்துத் தட்டும் ரோபோக்கள் வந்து சேர அதிக நேரம் ஆகாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் உள்ளே நுழையும் பழக்கமான வழிகளில் இது ஒன்று. 2019-இல் வந்த புளூகீப் ஓட்டை கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே போக வழிவிட்டது. எண்ணை 3390 என்று மாற்றிவைத்தாலும் ஒளிந்துகொள்ள முடியாது, எல்லா எண்ணையும்தான் தட்டிப் பார்க்கிறார்கள்.

பின்வாங்க வேண்டியிருந்தால் சீக்கிரம் முடிவெடுங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி பக்கத்தில் கோ பேக் என்ற பொத்தான் அப்கிரேடு செய்த 10 நாளுக்குத்தான் இருக்கும், டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் கோப்புகளை அழித்துவிட்டால் அதற்கு முன்பே போய்விடும். மாதாந்திர அப்டேட் ஒன்றுதான் காரணம் என்று தெரிந்தால் முழு விண்டோஸையும் திருப்ப வேண்டியதில்லை, அப்டேட் ஹிஸ்டரியில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்பதில் அதை மட்டும் நீக்கலாம். விண்டோஸ் 10-க்கே திரும்பிப் போவது சில நாள் அவகாசம் வாங்கத்தான், அங்கேயே தங்க அல்ல.

கடைசியில் யாரிடமாவது உதவி கேட்கத்தான் வேண்டும் என்றால் வெறுமனே கனெக்ட் ஆகவில்லை என்று எழுதாதீர்கள். பிழைச் செய்தியின் முழு ஸ்கிரீன்ஷாட், வீட்டிலிருந்தும் பக்கத்து மேசையிலிருந்தும் 3389 சோதனைக்கு ட்ரூவா ஃபால்ஸா என்ற விடை, இரண்டு கணினியிலும் வின்வெர் என்று தட்டினால் வரும் பதிப்பு எண், கடைசியாக எந்த நாள் வேலை செய்தது, அதற்குப் பின் எதை எதையெல்லாம் மாற்றினீர்கள், இவ்வளவையும் ஒரே மெசேஜில் அனுப்புங்கள். மாற்றியதை மறைக்க வேண்டாம், பலதும் ஈவென்ட் வியூவரில் தெரிந்துவிடும்.